அனலைதீவுப் படகில் ஒரு வாளி போன்

போன் நனைந்தால் அரிசிக்குள் புதைக்க வேண்டும் என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை. நானும் ஒருமுறை புதைத்தேன். போன் பிழைக்கவில்லை. அந்த அரிசியில் வடித்த சோற்றை மனைவி எனக்கு மட்டும் போட்டாள். கடலுக்குப் போகிற போனுக்கு என் சிபாரிசு மூடியுள்ள பெயின்ட் வாளிதான். ஊர்காவற்றுறையிலிருந்து அனலைதீவுக்குப் போகும் படகில், சோளகக் காற்று எழும்பிக் கடல் அடிக்கும் மாதங்களில், படகுக்காரத் தம்பி அப்படியொரு வாளியை நீட்டுவான். ஏறுகிற எல்லாரும் போனை அதற்குள் போடுவோம். மூடியை இறுக்கிக் கால்களுக்கிடையில் வைத்துக்கொண்டு ஓட்டுவான். நடுக்கடலில் வாளி தானாகப் பாடும், சிணுங்கும். யாராலும் எடுக்க ஏலாது. அந்தக் கொஞ்ச நேரம்தான் சனம் பழைய காலம் மாதிரி ஆளையாள் பார்த்துக் கதைத்துக்கொண்டு போகும்.

அன்றைக்கு எனக்குக் கதைக்கும் மனமில்லை. கனடாவிலுள்ள அக்காவுக்கு விடிந்தால் கண்ணில் ஒப்பிரேசன். பார்வை திரும்பும் என்று வைத்தியர் உறுதி சொல்லவில்லையாம். "கண்ணைக் கட்டமுதல் அனலைதீவு வீட்டை ஒருக்காக் காட்டடா" என்று கேட்டிருந்தார். நாங்கள் பிறந்த வீடு அது. இடம்பெயர்ந்தபின் நான் ஊர்காவற்றுறைப் பக்கம் கரம்பொனில் தங்கிவிட்டேன். விமானம் ஏறிய அக்கா திரும்பி வரவேயில்லை. இறங்கியதும் வீடியோவில் காட்டுவதாகச் சொல்லியிருந்தேன்.

துறையில் வாளி திறந்தது. எல்லாரும் கையை விட்டார்கள். நானும் கறுப்பு உறை போட்ட என் போனை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்கு வந்து விரலை வைத்தேன். திறக்கவில்லை. உப்புத் தண்ணீர் பட்ட விரலைப் போன் மதிக்காது என்பது என் நீண்டகாலக் கருத்து. பக்கத்தில் நின்றவருக்கும் அதை விளக்கினேன். விரலை உடுத்திருந்த சாரத்தில் துடைத்தேன், ஊதினேன், மற்ற விரல்களையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். திரையில் ஓர் ஆட்டுக்குட்டி நின்றது. பேரன்தான் படத்தை மாற்றிவிட்டான் என்று அவனுக்கும் பேச்சு விழுந்தது.

படகுக்காரத் தம்பி எட்டிப் பார்த்தான். "அண்ணை, உது உங்கட போனில்லை. உங்கட வீட்டில ஆடு எங்க நிக்குது?"

"அப்ப என்ர போன்?"

"ஆரோ மாறிக் கொண்டு போட்டினம். உங்கட நம்பரைச் சொல்லுங்கோ, அடிச்சுப் பாப்பம்."

என் நம்பர் எனக்குத் தெரியாது. நான் எனக்கு அடிப்பதில்லையே. ஆனால் அக்காவின் வீட்டு நம்பர் தெரியும். ஊர்காவற்றுறைத் தொலைபேசிக் கடை வாங்கிலில் உட்கார்ந்து முறைக்குக் காத்திருந்து, வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பாடமான நம்பர். கண்ணாடிக் கூண்டுக்குள் போனால், "கேக்குதோ? கேக்குதோ?" என்று இரண்டு பேரும் கத்துவதிலேயே பாதி நேரம் போகும். மிச்சத்தில் அக்கா அழுவார். வெளியே இருப்பவர்கள் எங்கள் குடும்பக் கதையைக் கேட்டுத் தலையாட்டுவார்கள். அந்தக் கூண்டின் வெக்கை கூட இப்போது நினைக்க இனிக்கிறது.

அக்காவின் கணவர் எதையும் இலேசில் மாற்றாதவர். இன்றைக்கும் அதே நம்பர்தான். தம்பியின் போனில் அடித்தேன்.

"அத்தான், கொஞ்சம் சுணங்கும் எண்டு அக்காவிட்டச் சொல்லுங்கோ."

"என்ன விசர்க்கதை கதைக்கிறீர்? அவ இவ்வளவு நேரமா உம்மோடதானே கதைக்கிறா!"

"என்னோடயோ? நான் இஞ்ச ஆட்டுக்குட்டியோட நிக்கிறன்!"

அத்தான் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "ஆரோ ஒரு மனிசி கறிக்குக் கணவாய் கழுவுறா. பின்னால நீலப் படலை தெரியுது."

நீலப் படலை என்றதும் தம்பி சிரித்தான். "படகில உங்களுக்கு முன்னால இருந்த அக்காதான். கோயிலுக்குப் பின் ஒழுங்கையில வீடு."

ஓடினேன். ஓட்டம் என்று நான்தான் சொல்கிறேன். வழியில் படுத்திருந்த நாய் குரைக்கக்கூட மினக்கெடவில்லை.

நீலப் படலையைத் தள்ளித் திறந்தால், கிணற்றடியில் என் போன் ஒரு குடத்தில் சாய்ந்து நின்றது. அதற்குள் அக்கா சிரித்துக்கொண்டிருந்தார்.

"போன் அடிக்க, எங்கட மச்சாள் எடுக்கிறா எண்டெல்லோ நினைச்சனான்," என்றார் கணவாயோடு இருந்த பெண். "பிறகு பாத்தால் வேற ஆள். நல்லாக் கதைச்சா, வைக்க மனம் வரேல்லை."

"உது உங்கட போனில்லை எண்டு பாக்கேல்லையோ?" என்று ஆட்டுக்குட்டிப் போனை நீட்டினேன்.

"நீங்கள் பாத்தனீங்களோ?"

போனுக்குள்ளிருந்து அக்கா சொன்னார்: "துறை, கோயில் எல்லாம் காட்டிப்போட்டா. நீ எண்டால் உன்ர காதைத்தான் காட்டியிருப்பாய்."

உண்மைதான். வீடியோவில் கதைக்கும்போதும் போனைக் காதில் வைப்பது என் வழக்கம்.

எங்கள் பழைய வீட்டுக்கும் போன் அந்தப் பெண்ணின் கையிலேயே வந்தது. நான் முன்னால் நடந்து முள்ளை விலக்கினேன். கூரை இல்லை, சுவர்கள் நின்றன. அக்கா சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"விறாந்தையில அந்த மூலை. யன்னலுக்குக் கீழ."

கரண்ட் இல்லாத காலத்தில், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி டைனமோவில் ரேடியோ கேட்ட மூலை. நான் பெடலைக் கையால் சுற்றுவேன், அக்கா பாட்டுக் கேட்பார். என் கை சோர்ந்தால் பாடுகிறவருக்குத் தொண்டை கட்டும். "சுத்தடா, சரணம் வருது!" என்று முதுகில் ஒன்று விழும். அப்போது எனக்கு அறவே பிடிக்காத வேலை. இன்றைக்கு யாராவது சைக்கிளைத் தந்தால் பொழுதுபடும்வரை சுற்றுவேன்.

அந்தப் பெண் போனை என்னிடம் நீட்டினார். "உதை நீங்கள் பிடியுங்கோ அண்ணை. காதில வைக்காதேங்கோ."

சுவரில் முழங்கையை ஊன்றி, இரண்டு கையாலும் பிடித்தேன். அக்கா அந்த வெறும் மூலையை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி," என்றார் கடைசியில். "இனிக் கண்ணைக் கட்டட்டும்." மூக்கை உறிஞ்சினார். "அவவிட்டப் போனைக் குடு. கணவாய்க்குப் புளி விடுறவவோ எண்டு கேக்கவேணும்."