கூண்டுப்புழுவும் கீழ் வயலும்

சின்ன வெள்ளை அந்துப்பூச்சி அது. நட்டு முடித்த வயலின் வரப்பில் சாயங்காலம் நடந்தால் காலடியில் எழுந்து பறக்கும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். அதன் புழுதான் வில்லங்கம். நெல் இலையின் நுனியைக் கத்தரித்துக் குழாயாகச் சுருட்டி, அதற்குள் படுத்துக்கொண்டு தண்ணீரில் மிதந்துபோய் அடுத்த பயிரைச் சுரண்டும். கூண்டுப்புழு என்போம்.

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் வயல். அதற்கு அடுத்துக் கீழே என் மனைவியின் தம்பி வயல். போன வருஷம் புழு முதலில் எனக்குத்தான் வந்தது. விவசாயத் துறையின் கிருஷி ஆபீசர் சொன்னபடி, மண்ணெண்ணெயில் நனைத்த கயிற்றை நானும் மனைவியும் ஆளுக்கொரு வரப்பில் நின்று பயிர்மேல் இழுத்தோம். புழுக்குழாய்கள் பொலபொலவென்று தண்ணீரில் விழுந்தன. பிறகு தண்ணீரை வடிக்க வேண்டும். மனைவி சோறாக்க வீட்டுக்குப் போன நேரத்தில் மடையைத் திறந்துவிட்டேன். தண்ணீர் புழுக்களோடு மச்சினன் வயலுக்குப் போயிற்று. தெரியாமல் செய்தேன் என்றால் பொய். புழு என் வயலை விட்டால் போதும் என்றிருந்தது.

நாலாம் நாள் அவன் கயிற்றோடு வாசலில் நின்றான்.

"ஏனுங்க மச்சான், நம்ம வயல்லயும் புழு வந்துருச்சுங்க. ஒரு முனையப் புடிக்கறீங்களா?"

"ஏன் முழிக்கறீங்க? போயிப் புடிங்க" என்றாள் மனைவி.

ஒன்பதாம் வகுப்போடு நின்றவன் அவன். எதற்கெடுத்தாலும் அவனுக்குப் புத்தி சொல்வது என் வழக்கம். அன்று அவன் காட்டிய வரப்பில் நின்று கயிறு இழுத்தேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுத்தது.

இழுத்து முடித்ததும் மடையருகே குந்தினான். தலைத்துண்டை அவிழ்த்து மடைவாயில் விரித்து, குச்சி குத்தி நிறுத்தினான். பிறகுதான் தண்ணீரைத் திறந்தான். குழாய்களெல்லாம் துண்டில் தங்கின. வாரி வாரி வரப்பில் போட்டான். மைனாக்கள் வந்துவிட்டன.

"எனக்குக் கீழ இருக்கற வயல்காரரும் நட்டிருக்கறாருங்களே" என்றான்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. "மாப்ளே, உன்ற வயலுக்குப் புழுவ உட்டது நாந்தான்."

"தெரியுமுங்க மச்சான். தண்ணி மேல இருந்துதானுங்களே வருது" என்று சிரித்தபடி துண்டைப் பிழிந்தான்.

தெரிந்தேதான் கயிற்றின் மறுமுனைக்கு என்னைக் கூப்பிட்டிருக்கிறான்.

இரண்டு வயலும் தேறிவிட்டன. இந்த வருஷமும் வெள்ளைப் பூச்சி பறக்கிறது. மடைக்குப் போகும்போது நான் துண்டை மறப்பதில்லை. அவனுக்குப் புத்தி சொல்வதையும் விட்டுவிட்டேன்.