செவ்வாய்க்கிழமை பேட்டரிக்காரர்

அவ்வாதின் வேன் பழக்கடை மாதிரி மணக்கும். உள்ளே மருந்துக்குக்கூட ஒரு பழம் கிடையாது. அம்மான் நகரத்து ஜனங்கள் இழுத்துத் தீர்த்துக் கடையில் திருப்பிக் கொடுத்த வேப் என்கிற மின்சிகரெட்டுகளும், கைப்பேசிக் கடைகளில் சேர்ந்த செத்த பேட்டரிகளும்தான் டிரம் டிரம்மாக இருக்கும். மாம்பழம், தர்பூசணி, புதினா என்று செத்த பிறகும் ஒவ்வொன்றும் ஒரு வாசனை அடிக்கும். அவற்றைக் கடை கடையாகச் சேகரித்து, உரிமம் உள்ள கிடங்கில் ஒப்படைப்பது அவருடைய வேலை. பட்டாளத்தில் வயர்லெஸ் பிரிவில் இருபத்திரண்டு வருஷம் பேட்டரியோடு பிழைத்தவர். ஓய்வு பெற்ற பிறகும் பேட்டரி அவரை விடவில்லை.

அவரை விட்டுப் போனவர்கள் மற்றவர்கள்தான். மனைவி போய் ஒன்பது வருஷம். பிள்ளை இல்லை. ருசைஃபாவில் இரண்டு அறை வீடு. அதில் ஓர் அறையின் விளக்கை மாதக்கணக்கில் போட்டதே இல்லை. வேலைக்குப் போனால் நாலு முகம் பார்க்கலாம் என்றுதான் இந்த வேலைக்கு வந்தார். நாலு முகத்தையும் பார்த்தார். அவை அவரைப் பார்க்கவில்லை. தண்ணீர் மீட்டர் பார்க்க வருகிறவனுக்குக்கூட ஒரு வாய் காபி கொடுக்கிற ஊர் இது. ஆனால் குப்பைக்கு வருகிறவனுக்கு யார் கொடுப்பார்கள்? பெட்டியைக் காலால் தள்ளிவிட்டு, கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்காமலே, "அதோ இருக்கு" என்பார்கள்.

தபர்போரில் ஒரே ஒரு கடை மட்டும் விலக்கு. நாலு கிளை வைத்திருந்த ஹாஸிமின் வேப் கடை அது. கல்லாவில் உட்கார்ந்திருந்தவள் அவனுடைய அக்கா ஃபிர்யால். வயது ஐம்பது. கணவன் இறந்ததும் தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். கடைக்கு மேலேதான் வீடு. முதல் நாள் அவள் ஒரு சாக்கு நிறைய வேப்புகளைக் குண்டுக்கட்டாகத் தூக்கிக் கொடுத்தபோது, அவ்வாத் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். எதையும் உடைக்கக் கூடாது, நசுக்கக் கூடாது. கழற்ற வருகிற பேட்டரியின் முனைகளில் டேப் ஒட்ட வேண்டும். உப்பியதைத் தனியாக மணல் வாளியில் புதைக்க வேண்டும். அடுப்புக்கும் ஹீட்டருக்கும் பக்கத்தில் வைக்கவே கூடாது. அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பச்சப் புள்ளையக்கூட இவ்வளவு பக்குவமா யாரும் பாத்துக்க மாட்டாங்க" என்று சிரித்தாள்.

அன்றிலிருந்து செவ்வாய்க்கிழமை தோறும் இருவரும் எதிரெதிரே ஸ்டூல் போட்டு டேப் ஒட்டினார்கள். இருபது நிமிஷம். அவள் தேநீர் கொண்டுவருவாள். அவரை 'அபூ நாயிஃப்', அதாவது நாயிஃபின் அப்பா, என்று அழைத்தாள். மகன் பிறந்திருந்தால் தாத்தா பெயரான நாயிஃபைத்தானே வைத்திருப்பார், அந்தக் கணக்கில். பிறக்காத மகனின் பெயரைச் சொல்லி அவரைக் கூப்பிட உலகத்தில் அவள் ஒருத்திதான் இருந்தாள். மற்ற ஆறு நாளும் அவர் அந்த இருபது நிமிஷத்தை நம்பியே ஓட்டினார்.

மூன்றாவது குளிர்காலத்தில் ஹாஸிமுக்கு வேறு யோசனை வந்தது. ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு தெருத்தெருவாக வருகிற பழைய இரும்புக்காரன் ஒருவன், நாலு கிளைச் சரக்கையும் தானே அள்ளிக்கொள்வதாகச் சொல்லியிருந்தான். டேப்பும் வேண்டாம், மணலும் வேண்டாம், சாக்கில் கட்டி மாடிப்படிக்குக் கீழே போட்டால் போதும். அவன் சுத்தியலால் உடைத்து வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தை எங்கேயாவது கொட்டுவான். ஒன்றாம் தேதியிலிருந்து ஆள் வர வேண்டாம் என்று ஹாஸிம் அவ்வாதின் கம்பெனிக்குச் சொல்லிவிட்டான். செய்தியை ஃபிர்யால்தான் அவ்வாதிடம் சொன்னாள். சொல்லிவிட்டு, "நான் பேசிப் பாத்துட்டேன். நீங்க வந்து பேசினா கேப்பான்" என்றாள்.

அவ்வாதுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. மாடிப்படிக்குக் கீழே ஒரு சாக்கு வேப், பக்கத்தில் கேஸ் ஹீட்டர், மேலே குடும்பம். ஒன்று உப்பி வெடித்தால் போதும். அதற்காகத்தான் போய்ப் பேசப்போகிறோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பொய் இல்லை. ஆனால் அதே சாக்கு வேறு கடையில் கிடந்திருந்தால் கம்பெனிக்கு ஒரு போன் போட்டுவிட்டுப் படுத்திருப்பார்.

இப்படி ஒரு வேண்டுகோளோடு ஒரு வீட்டுக்குப் போவதென்றால் நாலு பெரிய மனிதர்களைக் கூட்டிக்கொண்டு போவதுதான் எங்கள் வழக்கம். யாரைக் கூப்பிடுவது என்று விரல் விட்டு எண்ணினார். பட்டாளத்துச் சிநேகிதர்களில் ஒருவன் அகபாவில் முட்டி வலியோடு கிடந்தான், இன்னொருவன் மண்ணுக்குள். ஒன்றுவிட்ட சகோதரர்களோடு சண்டை ஒன்றுமில்லை. சண்டை போடும் அளவுக்குக்கூட யாரும் வந்து போகவில்லை. எண்ணிக்கை முதல் விரலையே தாண்டவில்லை.

வெள்ளிக்கிழமை அஸர் தொழுகை முடிந்ததும் தனியாகவே கிளம்பினார். முகச்சவரம் செய்து, இருந்த ஒரே கோட்டைப் போட்டு, சிவப்புக் கட்டம் போட்ட தலைத்துணியை மடிப்புக் கலையாமல் கட்டினார். வெறுங்கையோடு போவது மரியாதையில்லை என்று ஒரு கிலோ குனாஃபா இனிப்பு வாங்கிக்கொண்டார்.

ஹாஸிம் வாசலிலேயே அவரை ஏற இறங்கப் பார்த்தான். உட்கார வைத்து, சின்னக் கோப்பையில் கசப்புக் காபி ஊற்றிக் கொடுத்தான். அவ்வாத் வாங்கினார். குடிக்கவில்லை. எதிரே இருந்த மேஜையில் வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டார். காரியம் கேட்டு வந்தவன் அப்படித்தான் வைப்பான். 'குடியுங்கள், கேட்டு வந்தது உங்களுக்குத்தான்' என்று வீட்டுக்காரன் சொல்லும்வரை அந்தக் காபி ஆறிக்கொண்டிருக்கும்.

ஹாஸிம் கோப்பையைப் பார்த்தான், கோட்டைப் பார்த்தான், குனாஃபாவைப் பார்த்தான். "கொஞ்சம் இருங்கண்ணே" என்று எழுந்து உள்ளே போனான். கால் மணி நேரம் வரவில்லை. உள்ளே தாழ்ந்த குரலில் பேச்சும், குழாய் திறக்கும் சத்தமும், அலமாரிக் கதவு சத்தமும் கேட்டன. வீட்டில் யாரோ வெளியே கிளம்புகிறார்கள் போல, நேரங்கெட்ட நேரத்தில் வந்துவிட்டோமோ என்று அவ்வாத் சங்கடப்பட்டார்.

ஹாஸிம் திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். முகத்தில் ஒரு பவ்யம். "எங்க பக்கம் தடையில்லண்ணே. அவங்க மனசும் தெரிஞ்சுக்கிட்டுத்தான் வந்தேன். வாய்விட்டுச் சொல்லுங்க."

"செவ்வாய்க்கிழமை நான் வர்றத நிறுத்தாதீங்க. பேட்டரிய அந்த இரும்புக்காரன்கிட்ட குடுக்காதீங்க. அதக் கேக்கத்தான் வந்தேன்."

ஹாஸிம் அவர் வாயையே பார்த்தான். "பேட்டரிக்கா வந்தீங்க?"

"பேட்டரிக்குத்தான்."

ஹாஸிமுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கண்ணில் தண்ணீர் வர வர, அவர் தோளில் தட்டித் தட்டிச் சிரித்தான். ஒரு கிளை என்ன, நாலு கிளையையும் எடுத்துக்கொள்ளுங்கள், இரும்புக்காரனை இன்றே போகச் சொல்லிவிடுகிறேன், குடியுங்கள் என்றான். அழுத பிள்ளைக்குப் பால் கிடைத்துவிட்டது. அவ்வாத் ஆறிப்போன காபியை நிம்மதியாகக் குடித்தார். கோப்பையை ஆட்டி, போதும் என்று கொடுத்தார். உள்ளே ஒரு கதவு சாத்தப்பட்டது.

திரும்பும் வழியில் சிவப்பு விளக்கில் நின்றபோதுதான் அவருக்கு உறைத்தது. புதுச் சவரம், கோட்டு, இனிப்பு, கீழே வைத்த காபி, 'அவங்க மனசும்'. பெண் கேட்டு வருகிறவனும் இப்படித்தான் வருவான். பச்சை விளக்கு விழுந்தும் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் வந்தவன் ஹாரனை அழுத்தி, இறங்கி வந்து திட்டிவிட்டுப் போனான். அறுபத்தொரு வயதில் ஒருத்தியைப் பெண் கேட்கலாம் என்று அவருக்கு அதுவரை தோன்றியதே இல்லை. தோன்றிய பிறகு வேறு எதுவும் தோன்றவில்லை. கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். அந்த நாலு நாளும் அவர் தூங்கினார் என்று சொல்ல முடியாது.

செவ்வாய்க்கிழமை ஃபிர்யால் கல்லாவில்தான் இருந்தாள். கீழே மூன்று பெட்டிகள், மூடி போட்டுத் தயாராக இருந்தன. ஸ்டூல்களைக் காணவில்லை.

"நாலு கிளைச் சரக்கும் வந்துருச்சு. எல்லாத்தையும் நானே ஒட்டிட்டேன். உப்பினது ரெண்டு, தனியா மணல்ல இருக்கு" என்றாள்.

"ஃபிர்யால், அன்னிக்கு நான்..."

"அபூ நாயிஃப் காபியக் கீழ வச்சிட்டாரு, என்ன சொல்லட்டும்னு தம்பி உள்ள வந்து கேட்டான். சரின்னு சொல்லச் சொன்னேன். மூஞ்சி கழுவி, நல்ல துணி மாத்திக்கிட்டு கதவுக்குப் பின்னால நின்னேன்." குரலில் கோபமில்லை. விலை சொல்வது போலச் சொன்னாள்.

"எனக்கு அறிவில்ல. இந்த வெள்ளிக்கிழமை மறுபடி வரேன்."

"வேணாம். பேட்டரின்னு நீங்க சொன்னதும் அவன் சிரிச்சான் பாருங்க. அந்தச் சிரிப்ப இந்த வீட்ல இருக்கிற எல்லாரும் கேட்டாங்க. என் தம்பி பொண்டாட்டி இன்னும் சிரிச்சு முடிக்கல." ரசீதை அவர் பக்கம் நகர்த்தினாள். "கேட்டது கிடைச்சுதுன்னு குடிச்சிட்டுப் போனீங்க. அதோட விட்டுருங்க."

அவ்வாத் கையெழுத்துப் போட்டார். பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போனார். மூன்றையும் வேனில் ஏற்ற ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.