வீட்டுப் பக்கம் சாய்ந்த மரம்

சூறாவளி எங்கள் வளவின் தென்னைகளை எல்லாம் முறித்துப் போட்டுவிட்டு, ஒரு பிரயோசனமும் இல்லாத கிறிஸ்மஸ் மரத்தை மட்டும் விட்டுவைத்தது. உம்மாவின் வாப்பா நுவரெலியாவிலிருந்து ஒரு தகர டின்னில் கொண்டுவந்து நட்டதாம். கல்முனையில் ஒரு முஸ்லிம் வீட்டு முற்றத்தில் அது எதற்கு என்று கேட்டவர்களுக்கு, அழகுக்கு என்று சொல்வாராம். அந்த அழகு இப்போது வேர் கிளம்பி, வீட்டுப் பக்கமாகச் சாய்ந்து நின்றது.

வீடு உம்மாவுடையது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை வந்து குடியிருப்பவர். சிக்கலான நேரங்களில் மட்டும் வாப்பாவுக்கு இது ஞாபகம் வரும். உன் வீடு, உன் மரம் என்று சொல்லிவிட்டு, தறிப்பதற்கு அனுமதி கேட்டு அரசாங்கக் கச்சேரிக்கு விண்ணப்பம் எழுத உட்கார்ந்தார். பதில் வருமுன் மரம் தானாகவே விழுந்துவிடும் என்பதைப் பிற்காலத்தில் அப்படியான கந்தோர்களிலேயே உத்தியோகம் பார்த்த நான் அறிவேன்.

உம்மாவின் மூத்த அண்ணனான பெரிய மாமாவின் யோசனை வேறு. ரோட்டோரமான அந்த நிலத்தில் கடை போட அவருக்கு வெகுநாள் ஆசை. வீட்டை மரத்துக்கு விட்டுவிட்டுப் பின்வளவில் ஒரு கொட்டில் போட்டுக்கொள்ளும்படி உம்மாவிடம் சொன்னார்.

"மரந்தான் விழும் காக்கா. நான் வீட்ட உட்டு இறங்கமாட்டன்."

திருக்கோவில் ஊரிலிருந்து மரம் தறிக்கிறவரை உம்மாவே வரவழைத்தார். தென்னையில் நடந்து ஏறுகிற மனிதர் இதில் திணறினார். கொப்புகள் படிக்கட்டுப் போல இருந்தன; மிதித்தால் சடக்கென்று முறிந்தன. பிசின் கையிலும் கத்திப்பிடியிலும் ஒட்டிக்கொண்டது. இடுப்பை மரத்தோடு கட்டிக்கொண்டு, கொப்புகளைக் கழித்துக் கழித்து ஏறி, நுனிக்குக் கீழே கரைவலைக் கயிற்றைக் கட்டினார். நுனி வீட்டுப் பக்கந்தான் வரப் பார்க்கிறது, கயிறு இளகினால் கூரை போய்விடும், உள்ளே ஒருவரும் நிற்கவேண்டாம் என்று மேலிருந்து சத்தம் வைத்தார்.

ரோட்டுப் பக்கமாகக் கயிற்றை இழுக்க மாமாமார் இருவர். சின்ன மாமா முன்னால் இறுக்கிப் பிடித்திருந்தார். பின்னால் நின்ற பெரிய மாமா, மாலையை வாங்கி வைத்திருப்பவர் போல ஒரு கையில் தொங்கவிட்டுக்கொண்டு, எங்கள் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். உம்மா அவரை ஒரு தரம் பார்த்தார். பிறகு சுளகை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனார்.

மரம் தறிக்கும்போது விழும் எல்லைக்குள் ஆள் இருக்கக் கூடாது என்பது உலகெங்கும் முதல் விதி. வாப்பா அதை வேலிப் படலையடியில் நின்று உரக்கச் சொன்னார்.

"வெளிய வா புள்ள, ஒனக்கென்ன விசரா?" என்றார் பெரிய மாமா.

ஜன்னலுக்குள்ளிருந்து பதில் வந்தது. "என்ட வீட்டுக்க நான் அரிசி புடைக்கிறன். நீங்க கயித்தப் புடிங்க."

மேலே கத்தி இறங்கத் தொடங்கிவிட்டது. பெரிய மாமா ஓடிப்போய்க் கயிற்றைத் தென்னங்குற்றி ஒன்றில் சுற்றி, காலை மண்ணில் ஊன்றி, சாரன் அவிழ்வதையும் பாராமல் இழுத்தார். நுனி முறிந்து, கூரைக்கு மேல் ஒரு கணம் தயங்கி, திரும்பி, வேலியை நசுக்கிக்கொண்டு ரோட்டில் விழுந்தது. ஓர் ஓடும் நகரவில்லை. மாமாவின் உள்ளங்கைகள் இரண்டிலும் தோல் உரிந்திருந்தது.

உம்மா வெளியே வந்து அவற்றில் தேங்காயெண்ணெய் தடவினார்.

"நாளைக்கு அடிமரம் தறிக்கிற. நேரத்தோட வாங்க காக்கா. நான் உள்ளுக்குத்தான் இருப்பன்."

எங்கள் வீட்டின் மேல் பெரிய மாமாவுக்கு இத்தனை பாசமா என்று நான் அன்று நெகிழ்ந்துபோனேன். அப்படியொரு வேடிக்கையைப் பாராமல் அரிசி புடைக்கப் போன உம்மாவைத்தான் எனக்கு விளங்கவே இல்லை.