பூட்டிய டிரெய்லர் கழன்றது: மின்சார காரில் மல்லசமுத்திரத்திலிருந்து ஆத்தூர் வரை

ஆத்தூரில் இருக்கும் என் அக்கா வளர்த்த பசு போன தை மாதம் திடீரென்று செத்துப்போனது. எங்கள் பசுவின் எட்டு மாதக் கிடாரிக் கன்றை அவளுக்குக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தோம். மினி லாரி பிடித்தால் சுலபமாக முடிந்திருக்கும். ஆனால் எங்கள் மின்சார காருக்குப் பின்னால் டிரெய்லர் இழுக்கும் வசதி இருந்தது. வாங்கியதிலிருந்து அதை ஒரு முறைகூடப் பயன்படுத்தவில்லை. எங்கள் ஊர் நண்பர் ஒருவர் தன் ஜீப்பில் மாட்டும் சிறிய டிரெய்லரைக் கொடுத்தார். பிரேக் இல்லாத டிரெய்லர். கன்றோடு சேர்த்து முந்நூறு கிலோ வரும். கார் கையேட்டில் இருந்த எடை வரம்புக்குள்தான் இருந்தது. அதற்கு மேல் யோசிக்க எதுவும் இல்லை என்று நினைத்தேன்.

மாசி மாதம், ஒரு ஞாயிறு காலை ஆறரை மணிக்கு மல்லசமுத்திரத்திலிருந்து கிளம்பினோம். சேலம் வழியாக ஆத்தூர் ஏறக்குறைய தொண்ணூறு கிலோமீட்டர். நான் ஓட்டினேன். என் கணவர் செல்வராசு பக்கத்தில் உட்கார்ந்து பின்னால் திரும்பித் திரும்பிக் கன்றைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

முதல் அதிர்ச்சி ஆட்டையாம்பட்டி தாண்டியதும் வந்தது. கிளம்பும்போது 290 கிலோமீட்டர் போகலாம் என்று காட்டிய காரின் திரை, இருபது கிலோமீட்டர்கூட ஓடாத நிலையில் 220 என்றது. மணிக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் நான் போகவே இல்லை. காற்றைக் கிழித்துக்கொண்டு போகிற காருக்குப் பின்னால் தகரப் பெட்டி ஒன்று காற்றைத் தடுத்துக்கொண்டு வந்தால் இப்படித்தான் ஆகும் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

"ஏனுங்க, திரும்பி வாரதுக்குப் பத்துமா?" என்றேன்.

"சேலத்துல சார்ஜ் போட்டுக்கலாம் கோமதி. கன்னு அரண்டு கிடக்குது, நீ மெதுவா போ" என்றார்.

சேலத்தைத் தாண்டியதும் அயோத்தியாப்பட்டணம் பக்கத்தில் ஒரு சார்ஜிங் நிலையத்தில் நிறுத்தினோம். இங்கே இன்னொரு சிக்கல். அந்த இடங்களெல்லாம் காரை மட்டும் நிறுத்துகிற அளவுக்குத்தான் இருக்கின்றன. டிரெய்லரோடு நின்றால் பாதி வண்டி சாலையில் இருக்கும். ஆகவே டிரெய்லரைக் கழற்றி, வேப்பமர நிழலில் சக்கரங்களுக்குக் கல் வைத்து நிறுத்தினோம். சார்ஜ் ஏற நாற்பது நிமிடம், 340 ரூபாய். அதற்குள் கன்றுக்குத் தண்ணீர் காட்டினேன். கொஞ்சம் படுத்து எழட்டும் என்று கயிற்றையும் நீளமாக விட்டுக் கட்டினேன்.

கிளம்பும்போது டிரெய்லரின் இரும்புக் கிண்ணத்தைக் காரின் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் உருண்டை இரும்புக் குண்டின் மேல் இறக்கி, நெம்புகோலை அழுத்தி, பூட்டும் போட்டேன். கிளிக் என்று சத்தம் கேட்டது. செல்வராசு குனிந்து, டிரெய்லரைக் காரோடு இணைக்கும் இரண்டு சங்கிலிகளையும் அடியில் குறுக்காக மாட்டினார்.

"பூட்டுத்தான் போட்டாச்சே, அது எதுக்குங்க?" என்றேன்.

"கெடக்கட்டும்" என்றார்.

வாழப்பாடிக்கு முன்னால் ஒரு பாலம். இடது ஓரத்தில் மொபெட்டில் ஒரு குடும்பம் போய்க்கொண்டிருந்தது. கணவன் ஓட்ட, மனைவி பின்னால். நான் அவர்களைக் கடந்துகொண்டிருந்தேன். பாலத்து இணைப்பில் கார் ஒரு குதி குதித்தது. பின்னால் இரும்பு உடைகிற மாதிரி ஒரு சத்தம். கண்ணாடியில் பார்த்தேன். டிரெய்லரின் மூக்கு காரை விட்டு விலகி, இடப்பக்கமாக, மொபெட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

பயத்தில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை வெடுக்கென்று எடுத்தேன். அதுதான் தவறு. மின்சார காரில் காலை எடுத்தாலே பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றிக்கொண்டு வேகம் குறையும், பிரேக் போட்ட மாதிரி. டிரெய்லர் பின்னாலிருந்து வந்து பம்பரில் இடித்தது. சங்கிலிகள் விறைத்து அதை இழுத்துப் பிடித்தன. மறுபடி இடித்தது. காலை மெல்ல வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, ஓரம் கட்டினேன்.

டிரெய்லருக்கு ஒதுங்கப் போன மொபெட் சாலையோரச் சரளைக் கல்லில் சாய்ந்து கிடந்தது. அந்தப் பெண் உட்கார்ந்தபடியே ஒரு சிறுவனை மார்போடு அணைத்திருந்தாள். அதுவரை அவன் என் கண்ணில் படவே இல்லை. மொபெட்டின் முன்பக்கத்தில் அப்பாவின் கால்களுக்கு நடுவே நின்றுகொண்டு வந்திருக்கிறான்.

ஓடினேன். "அம்மா, அடி பட்டிருச்சுங்களா? பையனுக்கு?" என்று கேட்டேன்.

அந்த மனிதர் முழங்கையில் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே எழுந்தார். "ஒரு சாண் தள்ளித்தான் போச்சு உங்க வண்டி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தனக்கே சொல்லிக்கொள்வது போலச் சொன்னார்.

அந்தப் பெண் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "எங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா. அந்தக் கன்னுக்குட்டி கத்துது, போய்ப் பாரு."

கன்று டிரெய்லரின் பின்மூலையில் ஒடுங்கி நின்று கத்திக்கொண்டிருந்தது. காயம் இல்லை. செல்வராசு டிரெய்லரின் மூக்கைத் தூக்கிக் குண்டின் மேல் வைத்து, நெம்புகோலை அழுத்தி, பூட்டினார். பிறகு அதே பூட்டோடு கிண்ணத்தைக் கையால் தூக்கினார். அது கையோடு வந்தது.

நண்பரின் ஜீப்பில் இருப்பது கொஞ்சம் பெரிய குண்டு. கிண்ணம் அந்த அளவுக்குச் செய்தது. எங்கள் குண்டில் அது உட்கார்ந்தது, கிளிக் என்றது, ஆனால் பிடிக்கவில்லை. சார்ஜ் போட்ட இடம் வரை கன்று முன்னால் நின்றதால் எடை மூக்கை அழுத்திக்கொண்டே வந்திருக்கிறது. நான் கயிற்றை நீளமாக விட்டதும் கன்று பின்னால் போய்விட்டது. மூக்கு லேசாகி, பாலத்தில் எகிறிவிட்டது.

செல்வராசுவைக் கன்றோடு அங்கேயே நிறுத்திவிட்டு, அந்தக் குடும்பத்தை வாழப்பாடியில் ஒரு கிளினிக்குக்குக் காரில் அழைத்துப்போனேன். முழங்கையில் இரண்டு தையல், சிறுவனுக்குச் சிராய்ப்புகூட இல்லை. மொபெட்டைச் சரிசெய்து கொடுத்துவிட்டு, கன்றை ஒரு மினி லாரியில் ஏற்றி ஆத்தூர் போய்ச் சேரும்போது மதியம் இரண்டு மணி. டிரெய்லரும் அதே லாரியில்தான் வந்தது. அக்கா எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு முதலில் சோறு போட்டாள்.

இதே மாதிரிப் பயணம் போக நினைக்கிறவர்களுக்கு: கையேட்டில் எடை வரம்பை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள். குண்டின் மேல் பொறித்திருக்கும் அளவும் கிண்ணத்தின் அளவும் ஒன்றுதானா என்று பாருங்கள். பூட்டிய பிறகு மூக்கை ஜாக்கி வைத்துத் தூக்குங்கள். காரின் பின்புறமும் சேர்ந்து எழ வேண்டும். பாரம் சக்கரத்துக்குச் சற்று முன்னால் இருக்கட்டும், நகரக் கூடாது. கால்நடை என்றால் தடுப்புக் கட்டை வையுங்கள், கயிற்றை நம்பாதீர்கள். காலை எடுத்ததும் வேகம் குறையும் வசதியைக் குறைந்த அளவில் வைத்துக்கொள்ளுங்கள். திரை சொல்கிற தூரத்தில் பாதியைத்தான் கணக்கில் எடுங்கள். வழியில் எங்கே டிரெய்லரைக் கழற்ற இடம் இருக்கிறது என்று முன்பே பார்த்து வையுங்கள்.

சங்கிலிகளைக் கட்டாயம் மாட்டுங்கள். அது எதற்கு என்று யாராவது கேட்டால், நான் கேட்டது போல, பதில் சொல்லக்கூட நிற்க வேண்டாம், மாட்டிவிடுங்கள். அந்தச் சிறுவனுக்கு மூன்று வயது இருக்கும். கிளினிக் வாசலில் எனக்குக் கையசைத்துவிட்டுப் போனான். பெயரைக்கூட நான் கேட்கவில்லை.