கண்மாய்க்கு மேலே ஒரு நேர்கோடு

போன வாரம் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வாயைப் பிளந்தபடி உட்கார்ந்திருந்தேன். எதைப் பார்த்து? வருமானவரிச் சட்டத்தைப் பார்த்து! சிரிக்காதீர்கள்... முழுசாகக் கேளுங்கள்.

பக்கத்து வீட்டு முனியாண்டி அண்ணன், ராமநாதபுரத்துக்கு வெளியே இருந்த ரெண்டு ஏக்கர் மிளகாய்க் காட்டை விற்றுவிட்டார். டவுனில் ஹார்டுவேர் கடை வைக்க ஆசை. அவர் மனைவி பஞ்சவர்ணம் மதினிக்கோ விவசாயத்தை விட மனசே இல்லை. ஆறு மாசம் அழுதார். அண்ணன் மசியவில்லை.

"வரியும் கெடையாதுப்பா. நகராட்சி எல்லையிலருந்து ரெண்டு கிலோமீட்டர் தாண்டிட்டா போதுமாம். நம்ம காடு மூணு கிலோமீட்டர். நானே மொபெட்டுல போயி அளந்துட்டேன்ல!"

அந்தத் தைரியத்தில்தான் கணக்குத் தாக்கல் செய்ய என்னையும் துணைக்குக் கூட்டிப்போனார்.

ஆடிட்டர் கம்ப்யூட்டரில் மேப்பைத் திறந்து, எல்லையிலிருந்து காட்டுக்கு ஒரு கோடு இழுத்தார். கோடு கண்மாய்த் தண்ணீருக்கு மேலேயே போனது. ஒன்றரை கிலோமீட்டர்!

"கம்மாய்க்குள்ள எப்புடிங்க போறது? கரையச் சுத்தித்தான போகணும்?" என்று பதறினார் அண்ணன்.

"சட்டம் ரோட்டுல போகாதுங்க. வான்வழியா, நேரா அளக்கச் சொல்லுது."

கொக்கு பறக்கிற வழியில் அளக்கிற சட்டம்! நான் அசந்துபோனேன். அண்ணன் முகம் வெளிறிவிட்டது. லாபத்துக்கு வரி கட்டினால் கடைக்கு என்ன மிஞ்சும்?

அப்போது ஆடிட்டர் கேட்டார்: "விக்கிற வரைக்கும் அதுல வெள்ளாமை பண்ணினீங்களா?"

"என்ன இப்புடிக் கேக்குறீக? எங்க அய்யா காலத்துலருந்து மிளகாதான்."

"அப்ப வித்த தேதியிலருந்து ரெண்டு வருஷத்துக்குள்ள வேற விவசாய நிலம் வாங்குங்க. லாபம் பூராத்தையும் அதுல போட்டா வரி இல்ல."

எனக்குப் புல்லரித்துவிட்டது. நிலத்தை விற்றவன் விவசாயியாகவே தொடர்ந்தால் அவனை விட்டுவிடு — இதை ஒரு வரிச் சட்டத்தில் எழுதிவைத்த புண்ணியவான் யார்? வெறும் வசூல் புத்தகம் என்று எத்தனை முறை திட்டியிருக்கிறேன்... பயந்து ஓடுவதற்கு முன்னால் நாம் ஒரு பக்கமாவது புரட்டிப் பார்த்திருக்கலாம்.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அண்ணன் மனைவியிடம் சொன்னார்: "இந்தா பாரு, கடை வேணாம். திருப்புல்லாணிப் பக்கம் காடு பாப்போம்."

மதினிக்குக் கண் கலங்கியது. வாய் சும்மா இருக்குமா?

"ஆறு மாசமா நான் அழுதது காதுல விழல. வரின்னதும் விழுந்துருச்சாக்கும்!"