தைரியசாலி எலிகளோடு என் பாடு

எந்த எலிக்குத் தைரியம் அதிகம், அது ரத்தத்திலேயே வருகிறதா என்று கண்டுபிடிப்பது என் வேலை. அதற்கு எனக்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று சேரும்போது யாரும் சொல்லவில்லை. கூண்டை வைத்துவிட்டு விடியலுக்குக் காத்திருந்தவர்களே, உங்களுக்குத் தெரியாததா?

விழுந்ததே விழும்

கூக்கால் கிராமத்துச் சோலைக்காட்டோரம் கூண்டு வைக்கிறோம். பிடிபட்ட எலிக்குக் காதில் சின்ன வளையம் மாட்டி, மரபணுச் சோதனைக்குக் கொஞ்சம் முடி பிடுங்கி, விட்டுவிடுவோம். மறுநாள் போனால் அதே எலி, அதே கூண்டில், கடலையைத் தின்றுகொண்டிருக்கும். துணிந்ததுதான் திரும்பத் திரும்ப வருகிறது. பயந்தது எட்டியே பார்ப்பதில்லை. அப்புறம் எதை எதோடு ஒப்பிடுவது? கொடைக்கானல் பஜாரில் மளிகைக் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பையன் ரஹீம்தான் என் உதவியாளர். புலம்பலைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "கடைக்கு வராத ஆளுக்கு என்ன பிடிக்கும்னு எங்க அத்தாவுக்கே தெரியாதுக்கா."

நீல மூடி

சோதனை எளிது. எலியைப் பெட்டியில் விட்டு, அது பார்த்தே இராத நீல டப்பா மூடி ஒன்றை நடுவில் வைப்போம். எவ்வளவு சீக்கிரம் போய் முகர்கிறது என்று பார்ப்போம். பல எலிகள் மூலையை விட்டு நகராது. ஒருத்தி மட்டும் நேரே போய் மூடியைக் கடித்தே பார்த்தாள். பாலூட்டும் தாய். குட்டிகள் வெளியே வந்து, அவையும் இப்படித்தானா என்று பார்த்தால்தான் என் ஆராய்ச்சி தேறும்.

அவள் வளையோ பெரியசாமி அண்ணனின் கேரட் தோட்டத்து வரப்பில். அவர் எலிமருந்து வாங்கி வைத்திருந்தார். புதிதாக எது கிடந்தாலும் முதலில் வாய் வைப்பவள் அவள். பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. குட்டிகள் வெளியே வரும்வரை பொறுக்கச் சொல்லிக் கெஞ்சினேன். அவர் தோட்டத்தைக் காட்டினார். "நான் பொறுத்துக்கிடுவேம்மா. கேரட்டு பொறுக்கணும்ல."

பக்கத்துத் தோட்டம்

பெரியசாமி அண்ணன் மருந்து வைக்காமல் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மருந்து வைத்தது பக்கத்துத் தோட்டத்துக்காரர். அவரிடமும் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வாய்க்காலில் காது வளையத்தோடு செத்துக் கிடந்தாள். அழுகை வந்தது. எலிக்கா, ஆராய்ச்சிக்கா, தெரியவில்லை.

சில நாள் கழித்துக் கூண்டில் ஓர் இளம் எலி. முடியைச் சோதித்ததில் அவள் குட்டிதான். பெட்டியில் விட்டேன். மூலையிலேயே இரு, மூலையிலேயே இரு என்று மனசு அடித்துக்கொண்டது. அது நேரே போய் மூடியைக் கடித்தது. ஒரு குட்டியை வைத்து எதையும் நிரூபித்துவிட முடியாது, தெரியும். ஆனாலும் அடுத்து வைக்கும் மருந்தில் இதுவும் வாய் வைக்கும் என்றே தோன்றியது. பார்க்க வந்திருந்த பெரியசாமி அண்ணன் மெல்லக் கேட்டார்: "ஆத்தாளப் போலவே இருக்கேம்மா. இத எங்கிட்டு விடப் போறீங்க?"

தன் கணிப்பு பலித்துவிடக் கூடாதே என்று பதறிக்கொண்டே கூண்டைத் திறக்கிற உத்தியோகம், உலகத்தில் எனக்கு மட்டும்தான் வாய்த்திருக்கும்.