திருவாரூருக்கு அனுப்பவும்

"இதுவும் நம்மளுது இல்ல. தேர் ஊருக்காரங்களுது!" என்று உறையைத் தட்டிப் போட்டுவிட்டுச் சிவப்புப் பேனாவை எடுக்கிறாள் காயத்ரி. திருவள்ளூரில் ஓர் அரசு அலுவலகத்தின் தபால் பிரிவில் அவளுக்கு வேலை. திருவாரூருக்குப் போகவேண்டிய கடிதங்கள் தினம் நாலைந்தாவது வழிதவறி இங்கே வந்து சேரும். ஒவ்வொன்றின் மேலும் கொட்டை எழுத்தில் 'திருவாரூர்' என்று எழுதி அடிக்கோடு இழுப்பாள். ஆறு வருஷமாக எழுதி எழுதிக் கை தானாகவே ஓடுகிறது.

கடிதம் மட்டுமா? திருவாரூர்க் கல்யாணத்துக்குச் சமைக்கக் கிளம்பிய கூட்டம் ஒன்று அண்டா, கரண்டியோடு அலுவலக வாசலில் வந்து நின்றிருக்கிறது. "பேரைப் படிச்சிக்கினு பஸ் ஏற மாட்டீங்களா?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினாள்.

போன ஞாயிற்றுக்கிழமை அவளைப் பெண் பார்க்க மணப்பாறையிலிருந்து விமல் வீட்டார் வருவதாக இருந்தது. போனில் இரண்டு முறை பேசியதிலேயே அவனைப் பிடித்துப்போயிற்று. அதை மறைக்க அவளுக்குத் தெரியவில்லை. தபால் பிரிவு முழுக்கத் தெரியும்.

பதினோரு மணிக்கு விமல் கூப்பிட்டான். "ஊருக்குள்ள வந்துட்டோங்க. மலையாட்டம் ஒரு தேர் நிக்குது, அதுக்குப் பக்கத்துலதான் நிக்கறோம்."

விஷயம் தெரிந்ததும் அம்மா ஜோதிலட்சுமி தாம்தூம் என்று குதித்தாள். "ஊர் பேரைப் படிக்கத் தெரியாதவன் ஊட்டுக்கா பொண்ணு குடுக்கறது? பேஜாரு புடிச்ச சம்பந்தம், வேணவே வேணாம்! போனை வையிடி!"

வைப்பதற்குள் விமல் ஒரு படம் அனுப்பினான். தரகரிடம் காயத்ரியே எழுதிக் கொடுத்த முகவரிச் சீட்டு. கடைசி வரியில் கொட்டை எழுத்தில், அடிக்கோட்டோடு, திருவாரூர்! யானைக்கே அடி சறுக்கும்போது தபால் பிரிவுக்குச் சறுக்காதா?

"நீங்க யார்கிட்டயும் சொல்லிக்காதீங்க," என்றான் விமல், தணிந்த குரலில். "நான்தான் தப்பாப் படிச்சிட்டேன்னு எங்க அம்மாகிட்ட சொல்லிட்டேன். சீட்டையும் கிழிச்சுட்டேன்."

காயத்ரிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, கூடவே அழுகையும். இவன்தான், இவனேதான் என்று மனசு துள்ளியது.

"எம்மா, தப்பா எழுதனதே நான்தாம்மா!" என்று வீடு அதிரக் கத்தினாள். போனில், "அப்டியே வண்டியத் திருப்பிக்கினு விழுப்புரம் வாங்க. பாதி வழி. நாங்களும் வந்துடறோம்," என்றாள்.

"பொண்ணு பார்க்கறதுக்குப் பொண்ணேவாடி கெளம்பிப் போவும்?" என்று அம்மா வாயைப் பிளந்து நிற்க, பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகி, கேசரிக் குண்டானை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, தெருவில் போன ஆட்டோவின் குறுக்கே போய் நின்றாள்.